ஆடுகள் சுற்றிப் போன இடம்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இப்படிக் கதை சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் இந்த வரியில்தான் ஆரம்பிப்பார்கள் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது, நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் தொப்பூர் கணவாய் ஆரம்பிக்கிற இடத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருப்பவன். அந்த ரோட்டைப் பற்றி டிரைவர்கள் சொல்லாத கதை இல்லை. வெள்ளைப் புடவை கட்டியவள் கை காட்டினாள், லிஃப்ட் கேட்டாள், திரும்பிப் பார்த்தால் சீட் காலி என்பார்கள். பேய்க்கு எதற்கய்யா லிஃப்ட், பறந்து போக வேண்டியதுதானே என்று நான் கேட்பேன், அவர்களுக்குக் கோபம் வரும். அங்கே ராத்திரியில் விளக்கு எரிவது என் கடையிலும் பக்கத்து டீக்கடையிலும் மட்டும்தான். பேய் இருந்தால் முதலில் என்னிடம்தான் வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் காற்று இறங்கிய டயர்தான் வந்திருக்கிறது.

நான் சொல்லப் போவது கணவாயில் நடந்ததில்லை, ராத்திரியில் நடந்ததும் இல்லை. நல்லம்பள்ளிக்கு உள்ளே தள்ளி, ஊர்க் கோடியில், ஏரிக்குப் போகிற வழியில் எங்களுக்கு ஒரு மனை இருக்கிறது, அதில் பட்டப்பகலில் நடந்தது. ஏன், நடந்துகொண்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

நாங்கள் நான்கு பேர். நான், என் மனைவி சரசு, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பையன் சதீஷ், அவனுக்குப் பிறகு பிறந்தவள் நித்யா. வாடகை வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். நித்யா காலேஜ் முதல் வருஷம் போய்க்கொண்டிருந்தாள், துணி மாற்றவேண்டுமென்றால் எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவாள், படிக்க வேண்டுமென்றால் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். மனை வாங்கிப் போட்டு வெகுநாளாகச் சும்மா கிடந்தது. அந்த இடத்தில் எப்படியும் ஒரு வீட்டைக் கட்டிவிட வேண்டும் என்று எங்களை விடாமல் நச்சரித்தவள் அவள்தான். எனக்கென்று ஒரு ரூம், அதில் ஒரு கட்டில், அவ்வளவுதான் கேட்கிறேன் என்பாள். சரி, கட்டிவிடுவோம் என்று ஒருநாள் முடிவு பண்ணினோம், மூன்று பெட்ரூம் வைத்து பிளான் போட்டாயிற்று.

பூமி பூஜை முடிந்த அன்றைக்கே மாதையன் மேஸ்திரி முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புத் தூளைக் கையால் தூவிக்கொண்டே வந்து அறை அறையாகக் கோடு போட்டார். கதவு வரும் இடத்தில் மட்டும் கோடு போடாமல் இடைவெளி விடுவார்கள். வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், அந்தக் கோட்டைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிடும். வெறும் தரையில் எல்லா அறையும் தீப்பெட்டி போலத்தான் தெரியும். நானும் கேட்டேன், எல்லாரும் கேட்பதைத்தான்.

"என்னா மேஸ்திரி, இவ்ளோ சின்னதா இருக்குது?"

"செவுரு எழும்பட்டும்ண்ணா, அப்பறம் பாருங்க, பெருசாயிரும்," என்றார் அவர், எல்லாரிடமும் சொல்வதைத்தான்.

நித்யாவுக்கு அளவைப் பற்றிக் கவலை இல்லை. வாசலைப் பற்றித்தான் சண்டை. அவள் ரூம் வீட்டின் வெளி ஓரத்தில் வருகிறது, அந்தப் பக்கம் பார்த்தால் தூரத்தில் வத்தல்மலை தெரியும்.

"எனக்கு மலைப் பக்கமா ஒரு வாசல் வேணும்மா. ஹாலுக்குள்ள வேணாம்."

"வயசுப் புள்ள ரூமுக்கு வெளிய எதுக்குடி வாசல்?" என்றாள் சரசு. "ஹால்ல இருந்து போனா கால் தேஞ்சா போயிரும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, போம்மா."

"எனக்கு எல்லாந் தெரியும். மேஸ்திரி, நீங்க ஹால்லயே விடுங்க."

மேஸ்திரி ஹாலிலேயே விட்டார். சரசு ஜெயித்த முகத்தோடு சமைக்க வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரியும் ஆட்களும் டீ குடிக்கப் போனார்கள். நானும் நித்யாவும் மட்டும் இருந்தோம். அவள் சுண்ணாம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஹாலில் விட்டிருந்த இடைவெளியைத் தூவி அடைத்தாள். மலைப் பக்கத்துக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்து, அங்கே ஒரு வாசலை விட்டாள். பிறகு அதன் வழியாக உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாதப்பா. மேஸ்திரி கேட்டா நீதான் மாத்தச் சொன்னேன்னு சொல்லிரு."

நான் சிரித்தேன். அந்த நேரம் பார்த்துப் பாப்பாத்தியக்காவின் ஆடுகள் வந்தன. அந்த அக்கா எங்கள் தெரு, தினமும் ஆடுகளை எங்கள் மனையைக் குறுக்கே தாண்டித்தான் ஏரிக்கு ஓட்டிப் போவார். ஆடுகளுக்குக் கோடு தெரியுமா, ஹால் சமையல்கட்டு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போயின. "ஏய், என் ரூமுக்குள்ள ஆடு, என் ரூமுக்குள்ள ஆடு" என்று நித்யா என் துண்டைப் பிடுங்கிச் சுழற்றிக்கொண்டே ஓடினாள். பாப்பாத்தியக்கா அவளைக் கேலி பண்ணிக்கொண்டே போனார்.

அதற்கு இரண்டொரு நாளில் நித்யாவுக்குக் காய்ச்சல் வந்தது. இங்கே மாத்திரை, பிறகு தர்மபுரியில் ஊசி, பிறகு சேலத்துக்குக் கொண்டு போனோம். திரும்பி வரும்போது அவள் வேனில் படுத்திருந்தாள், நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் எதையும் மறைக்கவில்லை, உண்மையிலேயே இல்லை. யாரோ சொன்ன செய்தி மாதிரித்தான் எனக்குள் இருக்கிறது.

காரியம் முடிந்ததும் கடையைத் திறந்தேன். டயரைக் கழற்றினேன், ஒட்டினேன், மாட்டினேன். துக்கம் விசாரிக்க வந்த டிரைவர்களுக்கு டீ சொன்னேன். கை வேலை செய்தது, நான் எங்கே இருந்தேன் என்று தெரியாது. சரசு அழவில்லை. சாவு வீட்டில் அவளைக் கட்டிப்பிடித்து அழ வந்த பொம்பளைகள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதுவும் ஒரு வார்த்தையில். தூக்கம் போய்விட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரை போட்டால் கொஞ்சம் கண் மூடுவாள், சுவரில் பல்லி நகர்ந்தால்கூட விழித்துக்கொள்வாள்.

வருஷம் திரும்புகிற வரைக்கும் வீட்டு வேலை எதையும் தொடக்கூடாது என்றார்கள், தொடுகிற எண்ணமும் எங்களுக்கு இல்லை. மழை பெய்து சுண்ணாம்புக் கோடெல்லாம் எப்போதோ கரைந்துபோனது. முளைக்குச்சிகளை யாரோ பிடுங்கி அடுப்பெரித்துவிட்டார்கள். தெவசம் முடிந்த பிறகு சதீஷுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தோம், போன இடத்திலெல்லாம் சொந்த வீடா, வாடகை வீடா என்று முதலில் கேட்டார்கள். அதனால் கட்டித்தான் ஆகவேண்டும் என்றான் சதீஷ். பிளான் போடுகிற பையன் வீட்டுக்கு வந்து, பழைய பிளானை விரித்து வைத்துக்கொண்டு, விஷயம் தெரியாமல் கேட்டான், "எத்தனை பெட்ரூம் சார், மூணு அப்படியே இருக்கட்டுமா?"

நான் சதீஷைப் பார்த்தேன். சதீஷ் ஜன்னலைப் பார்த்தான். சமையல்கட்டிலிருந்து சரசு சொன்னாள்.

"ரெண்டு."

வீடு பற்றி அவள் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அந்த வெளி ஓரத்து ரூமை எடுத்துவிட்டுப் பையன் பிளானைத் திருத்தினான், அது இருந்த இடம் வீட்டுக்குப் பக்கவாட்டில் காலியாக, வெறும் மண்ணாக விடப்பட்டது. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது.

இனிமேல் சொல்வதை நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மாதையன் மேஸ்திரி மறுபடி வந்து புது பிளானுக்குக் கோடு போட்டார். நானும் சதீஷும் நின்றுகொண்டிருந்தோம், சரசு வரவில்லை, அவள் மனைப் பக்கம் கால் வைத்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. வெயில் ஏறுகிற நேரம், பாப்பாத்தியக்காவின் ஆடுகள் வந்தன. வழக்கம்போல எல்லாக் கோட்டையும் மிதித்தன, மேஸ்திரி கத்தினார், ஆட்கள் கல்லை எடுத்தார்கள். நான் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். மனையின் வெளி ஓரத்துக்கு வந்ததும் மந்தை இரண்டாகப் பிரிந்தது. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் போய், அப்பால் சேர்ந்துகொண்டு ஏரியைப் பார்த்து நடந்தன. நடுவில் வெறும் தரை. அங்கே கோடும் இல்லை, கல்லும் இல்லை, முள்ளும் இல்லை. ஆனால் ஆடுகள் திரும்பிய இடம் ஒவ்வொன்றும் செங்கோணமாக இருந்தது.

பின்னால் வந்த பாப்பாத்தியக்கா என் பக்கத்தில் நின்றார்.

"என்னா தம்பி இது, வேலியில்லாத எடத்துல இப்பிடிச் சுத்திக்கிட்டுப் போவுதுங்க? ஒரு வருசமா இதே கூத்துதான். பாம்பு கீம்பு கெடக்குதோன்னு குச்சிய வுட்டு நோண்டிக்கூடப் பாத்தேன். ஒண்ணியும் இல்ல."

அந்தப் பிள்ளை அன்றைக்குத் துண்டைச் சுழற்றி விரட்டியதை ஆடுகள் ஞாபகம் வைத்திருக்கின்றன என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் அந்த ஆடுகளில் பாதி தீபாவளிக்கும் பண்டிகைக்கும் கறிக்குப் போய்விட்டன, இவற்றில் பல அதற்குப் பிறகு பிறந்த குட்டிகள். சுண்ணாம்பு மண்ணில் ஊறியிருக்கும், அந்த வாசனை பிடிக்கவில்லை என்று அடுத்தபடியாக நினைத்தேன். சுண்ணாம்பு எல்லா அறைக்கும்தான் போட்டோம், மற்ற இடத்தையெல்லாம் மிதித்துக்கொண்டுதானே போகின்றன. பாப்பாத்தியக்கா மடியில் ஆட்டுக்கென்று வேலங்காய் வைத்திருந்தார். ஒரு கை வாங்கி அந்தத் தரைக்கு நடுவில் எறிந்தேன். ஆட்டுக்கு வேலங்காய் என்றால் உயிர். எல்லாம் திரும்பி ஓடி வந்தன, ஓரத்தில் வரிசையாக நின்றன, கழுத்தை நீட்டின, கத்தின. ஒன்றுகூட ஒரு காலை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

அப்போது கறுப்புக் குட்டி ஒன்று ஓரத்தை ஒட்டியே நடந்து, மூலையில் திரும்பி, மலைப் பக்கமாக வந்து, அங்கே நின்று, சாவகாசமாக உள்ளே நுழைந்தது. காயைத் தின்றது. பிறகு மற்றவையும் ஒன்றன் பின் ஒன்றாக அதே இடத்துக்குப் போய், அதே வழியாக நுழைந்தன. தின்று முடித்ததும் அதே வழியாக வெளியே வந்தன.

அது நித்யா காலால் தேய்த்து விட்ட வாசல். அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். மேஸ்திரி டீ குடித்துவிட்டு வந்து கோட்டைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை, பார்த்துத் திருத்துவதற்குள் வேலை நின்றுவிட்டது.

பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அழுகை வந்ததா, அதுவும் இல்லை. ட்யூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பார்ப்போம், ஒரு இடத்தில் குமிழி வரும், அங்கே சாக்பீஸால் வட்டம் போடுவேன். அந்த மாதிரி, இங்கே என்று தெரிந்தது. அதற்கு மேல் மனசு எதுவும் சொல்லவில்லை. அது எனக்கே கொஞ்சம் அசிங்கமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மனையிலேயே வைத்துச் சதீஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வாசலை மாற்றியதையும் சொன்னேன். அந்த ரூமையும் சேர்த்துக் கட்டிவிடலாம், மேஸ்திரியிடம் இன்றைக்கே சொன்னால் சரியாக இருக்கும் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஆடு போற வழியப் பாத்தா வூடு கட்டுவாங்க? நீதானப்பா எல்லாத்தையும் கேலி பண்ணுவ?"

"நீயே பாத்தியே சதீஷ்."

"பாத்தேன். பாக்கலன்னு சொல்லல." அவன் அந்த வெறும் தரையைப் பார்த்தான். "அந்த ரூமக் கட்டினா அம்மா அதுக்குள்ள போயி உக்காந்துக்கும்ப்பா. அப்பறம் வெளிய வராது. அதோட அம்மாவும் அவ்ளோதான். ரெண்டுன்னு அம்மாதான சொல்லிச்சு? வுட்டுரு. அம்மாகிட்ட இத வாயத் தொறந்து சொல்லிராத."

நானும் உள்ளுக்குள் அதற்குத்தான் பயந்தேன். ஒருத்தியைக் கொடுத்தாயிற்று, இன்னொருத்தியையும் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சரசுவிடம் நான் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

கடைக்கால் தோண்டி, சுவர் எழும்பி, கான்கிரீட் போட்டு, எல்லாம் மற்றவர்கள் வீடு மாதிரிதான் நடந்தது. ரத்தம் வந்தது, சாமான் பறந்தது என்று எதையாவது எதிர்பார்க்காதீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரே ஒரு சங்கதி, செங்கல் இறக்கிய ஆட்கள் அந்த வெறும் தரையில் அடுக்காமல் அதன் ஓரத்தை ஒட்டி நேர்வரிசையாக, சுவரோரம் அடுக்குவது போல அடுக்கியிருந்தார்கள். ஏனய்யா இப்படி என்றால், "அதுதாங்க எடுக்க வசதி" என்றார்கள். இருக்கலாம்.

பால் காய்ச்சினோம். வந்தவர்கள் வீடு நன்றாக இருக்கிறது என்றார்கள். சரசு விருந்துக்கு வந்தவள் போல ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நாளில் சதீஷுக்குக் கல்யாணமும் முடிந்தது, மருமகளைக் கூட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டான். புது வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். ஒருத்தர் இருமினால் அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கும், பேச்சு அவ்வளவுதான். அவள் ராத்திரியெல்லாம் விழித்திருப்பாள். நானும் விழித்திருப்பேன், ஆனால் தூங்குவது மாதிரி மூச்சு விடுவேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடக் கடையிலிருந்து வந்தேன். கதவு திறந்து கிடந்தது, சோறு மூடி வைத்திருந்தது, ஆள் இல்லை. பக்கவாட்டில் வந்து பார்த்தால் அந்த வெறும் தரையில் சரசு படுத்திருந்தாள். முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு, ஒருக்களித்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம். அவளுடைய செருப்பு மலைப் பக்கத்தில், வாசல் இருக்க வேண்டிய இடத்துக்கு வெளியே, ஜோடியாகக் கழற்றி விட்டிருந்தது.

"சரசு," என்றேன். அசையவில்லை. இன்னும் பக்கத்தில் போய், சுவர் வரவேண்டிய ஓரத்தில் நின்று, தொண்டை கிழியக் கூப்பிட்டேன். எதிர்வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தார். சரசு புரண்டுகூடப் படுக்கவில்லை. பல்லி நகர்ந்தால் விழிக்கிறவள். குனிந்து உற்றுப் பார்த்தேன், அவள் விலா ஏறி இறங்குவது தெரிந்தது. ஓடிப் போய்த் தட்டி எழுப்ப வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கால் போகவில்லை. ஓரம் எங்கே என்று எனக்குத் தெரியும், அங்கே கால் நின்றுவிட்டது. அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

வெயில் சாய்கிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அவள் தானாக எழுந்தாள், புடவையை உதறினாள், சுற்றிக்கொண்டு மலைப் பக்கம் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். கன்னத்தில் முந்தானை மடிப்பு பதிந்திருந்தது.

"வந்து ரொம்ப நேரமாச்சுங்களா? எழுப்பறதுதானே."

"கூப்பிட்டனே. தெருவே கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கலீங்களே," என்றாள்.

"அது சரி, அந்தப் பக்கமாச் சுத்திக்கிட்டு ஏன் வர?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "வேற எப்பிடி வரது? வழி அதுதானே?"

அன்றைக்கு ராத்திரி அவள் குழம்பு ஊற்றி ஒருமுறை, மோர் ஊற்றி ஒருமுறை சாப்பிட்டாள். மோர் ஊற்றிச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கே ஞாபகம் இல்லை. மாத்திரையை நான் எடுத்துக்கொண்டு வருவதற்குள் தூங்கிப்போனாள்.

அதிலிருந்து மத்தியானம் ஆனால் அங்கே போய்விடுவாள். அவரைக்கொட்டை உரிக்க எடுத்துப்போவாள், அரிசி புடைப்பாள், சில நாள் சும்மா கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெளியே வந்துவிடுகிறாள், வராமல் இருந்ததில்லை. சமைக்கிறாள், அக்கம்பக்கத்தில் பேசுகிறாள், மருமகளுக்குப் போன் போட்டு ரசப்பொடி அளவு சொல்கிறாள். "அம்மா இப்ப நல்லாப் பேசுதுப்பா, புது வூடு ஒத்துக்கிச்சு" என்கிறான் சதீஷ். ஆமாம் என்கிறேன். பொய் இல்லை. இப்போதெல்லாம் அவள் மத்தியானத்துக்கு முன்னாலேயே உள்ளே போய்விடுகிறாள் என்பதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. உள்ளே என்று சொல்கிறேன் பாருங்கள். நானும் அப்படித்தான் சொல்லப் பழகிவிட்டேன்.

அங்கே உட்காரும்போது அவள் என்னைப் பார்த்து உட்காருவதில்லை, எதிரில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, அதைப் பார்த்து உட்காருகிறாள். உதடு அசைவது தெரியும். கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்வாள். நான் எட்டிக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மேலே கூரையோ நடுவே சுவரோ இல்லாத வெட்டவெளியில் நிற்கிறேன், எனக்கு ஒரு சொல்கூடக் கேட்காது. மேலே காக்கை கத்துவது கேட்கும், ரோட்டில் பைக் போவது கேட்கும், அவள் முறத்தைத் தட்டுவது கேட்காது. எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று தர்மபுரியில் டாக்டரிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்.

ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். அவள் மடியில் போன் இருந்தது, நான் ஓரத்தில் நின்றபடியே அவளுக்குப் போன் போட்டேன். மணி அடித்த சத்தம் வெளியே வரவில்லை, ஆனால் அவள் குனிந்து எடுத்தாள்.

"என்னாங்க?" என்றாள். என் போனில் தெளிவாகக் கேட்டது. என் கண்ணுக்கு முன்னால் அவள் வாய் அசைந்தது, போன் வைக்காத காதுக்கு ஒன்றும் வரவில்லை. போனில் அவள் குரலோடு லேசாக ஒரு எதிரொலி இருந்தது. சாமான் அதிகம் இல்லாத, புதிதாகப் பூசிய அறைக்குள்ளிருந்து பேசினால் வருமே, அது.

"ஒண்ணுமில்ல, சும்மாத்தான்," என்று வைத்துவிட்டேன்.

வாசல் எங்கே என்று எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் உள்ளே போகலாம், அவள் தடுக்கவும் மாட்டாள். போய்ப் பார்த்தால் வெறும் தரையாக இருந்துவிடுமோ, அதோடு அவளுக்கும் இல்லாமல் போய்விடுமோ என்று போகாமலே இருக்கிறேன். மந்தை இன்றைக்கும் சுற்றிக்கொண்டுதான் போகிறது, பாப்பாத்தியக்கா அதைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார்.

போன வாரம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தேன். சரசு அங்கேதான் இருந்தாள், முறம் மடியில் இருந்தது, முகம் எதிரே இருந்த இடத்தைப் பார்த்தபடி இருந்தது. திடீரென்று சிரித்தாள். சும்மா புன்சிரிப்பு இல்லை, தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்தது. சத்தம் மட்டும் இல்லை. நான் போனைக் கையில் எடுத்தேன், அவள் பெயர் வரைக்கும் வந்தேன். ஒரு தடவை அழுத்தினால் போதும், அவள் சிரித்துக்கொண்டே எடுத்திருப்பாள், எனக்கும் கேட்டிருக்கும்.

அழுத்தவில்லை. அதில் இரண்டு பேர் சிரிப்பது கேட்டால் பயம். அவள் ஒருத்தி சிரிப்பது மட்டும் கேட்டால், அது அதைவிடப் பயம்.